இடக்கை அமிலம், வலக்கைச் சர்க்கரை

மே 4

வங்கியில் ஓசியாகக் கொடுத்த இந்த டைரியை அக்கா ஜனவரியிலிருந்து, ஆடும் மிக்ஸிக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். இன்று உருவி எடுத்துவிட்டேன். மிக்ஸி ஆடினால் ஆடட்டும். முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்தவகை எல்லாம் கேட்கிறார்கள். ஆவுடைநாயகி, நாற்பத்து நான்கு, ஓ பாசிட்டிவ். மணநாள் என்றும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதில் எழுத ஒன்றுமில்லை. வருத்தமும் இல்லை.

கல்லூரிக்கு விடுமுறை விட்டாயிற்று. வேதியியல் துறை மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஆய்வகம் ஜூன் வரை எனக்கே எனக்கு. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை முதல்வர் மேடம் நேற்றே சொல்லிவிட்டார்.

"இத்தனை வருசமா அந்த ரூம்ல என்ன நடக்குன்னே எனக்குத் தெரியல ஆவுடை. காலேஜ் தொறக்கையில ஏதாச்சும் காட்டுங்க. இல்லேன்னா ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கிருவேன்."

காட்டுகிறேன் மேடம், காட்டுகிறேன். உயிர் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்னால் இந்தப் பூமியில் சர்க்கரை எப்படி வந்திருக்கும் என்று காட்டுகிறேன்!

மே 7

அத்தான் மஸ்கட்டில் இருப்பதால் அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். காலையில் தோசை வார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்படி என்னதான் செய்யுத அங்க, இந்த வெயில்ல?"

சொன்னேன். இன்றைக்குச் சர்க்கரை செய்யச் செடி இருக்கிறது, உயிருக்குள் நொதிகள் இருக்கின்றன. அன்றைக்கு ஒன்றும் கிடையாது. பாறையும் தண்ணீரும் ஃபார்மால்டிஹைடு மாதிரிக் குட்டிக் குட்டி மூலக்கூறுகளும்தான். அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் சர்க்கரையாகும். ஆனால் சேர்த்துவைக்க ஆள் வேண்டுமே? அமினோ அமிலங்கள் அதைச் செய்திருக்கலாம். விண்கல்லில்கூட அவை கிடைத்திருக்கின்றன. சேர்த்துவைத்துவிட்டுத் தாம் மாறாமல் ஒதுங்கிக்கொள்ளும். அதற்குத்தான் வினையூக்கி என்று பெயர்.

"கல்யாணத் தரகர் மாதிரி."

"தரகர் கமிஷன் வாங்குவார். இது வாங்காது."

அடுத்த பகுதிதான் எனக்கு உயிர். ஒரே சர்க்கரைக்கு ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி இடது, வலது என்று இரண்டு வடிவம் உண்டு. நம் உடம்பில் அமினோ அமிலங்கள் இடது, சர்க்கரைகள் வலது. ஏன் அப்படி ஆனது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. இடது அமிலம் சேர்த்துவைத்தால் வலது சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக வரும் என்று வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள். அதை நானும் என் கண்ணால் பார்க்க வேண்டும். உலகத்தில் முதல் ஆள் நானில்லை. பாளையங்கோட்டையில் நான்தான்.

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டாள். "எனக்கு இருக்க சுகர் எந்தப் பக்கம்?"

"வலது."

"அதான் வலது முட்டியாப் பாத்து வலிக்கு."

மே 9

கலந்துவிட்டேன்! ஃபார்மலின், அதைவிடச் சற்றே பெரிய இன்னோர் ஆல்டிஹைடு, இவற்றைச் சேர்த்துவைக்கக் குளூட்டாமிக் அமிலம். ஃப்ரைடு ரைஸ் கடைகளில் தூவுகிறார்களே வெள்ளைப் பொடி, அதற்குத் தாய்ச்சரக்கு. உயிர் தோன்றுமுன் இருந்திருக்கும் குளத்துத் தண்ணீர் அளவுக்கு இளஞ்சூட்டில் குடுவையை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர் ஊற்றியது. அழுதுகொண்டே சிரித்த முதல் வேதியியல் ஆசிரியை நானாகத்தான் இருப்பேன்.

சர்க்கரை வலதா இடதா என்று பார்க்கப் போலாரிமீட்டர் வேண்டும். நீளக் குழாயில் கரைசலை ஊற்றி உள்ளே ஒளியை விட்டால், வலது சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது ஒளி வலப்பக்கம் திரும்பும். எங்கள் துறைக் கருவியில் சோடியம் விளக்கு போய்விட்டது. அதனால் இயற்பியல் துறைக்குப் போனேன். அங்கே பூதலிங்கம் சார் விடுமுறையிலும் வந்து, தரையில் உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். மனைவி இறந்து ஆறேழு வருடமாகிறது. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை போல. பேச்சு அதிகம் கிடையாது. கேட்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இருட்டறையைத் திறந்துவிட்டார்.

"எப்ப வேணும்னாலும் வாங்க மேடம்."

இதைக் குறித்து வைக்கக் காரணம் கருவி கிடைத்ததுதான்.

மே 10

இன்று அளக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் இயற்பியல் துறைக்குப் போய்ச் சோடியம் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். எரிகிறது.

மே 14

திரும்பியது! திரும்பியது! திரும்பியது!

வலப்பக்கம். அதுவும் லேசாக இல்லை, யார் பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு. காலையில் குழாயில் கரைசலை ஊற்றும்போது சார், "மொதல்ல வெறும் தண்ணி வச்சுப் பாத்துக்கிடுவமா மேடம்?" என்றார். எனக்குப் பொறுமை எங்கே இருந்தது? "அதெல்லாம் பொறவு பாக்கலாம் சார்" என்றேன். குழாயை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால், இருட்டில் அந்த மஞ்சள் வட்டத்தில் ஒரு பாதி இருண்டு, ஒரு பாதி ஒளிர்ந்து, அளவுகோலைத் திருப்பத் திருப்ப வலப்பக்கமே போய்க்கொண்டிருக்கிறது.

நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் வந்துவிட்டார். பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்தார். அவருக்கும் விளக்கினேன். உயிர் இல்லாத காலத்தில் நடந்ததை, பழைய தாள் கட்டுகள் கிடக்கும் இந்த இருட்டறையில் பார்க்கிறேனே என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாரும் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று இத்தனை வருடம் தெரியாது.

மே 15

முதல்வர் மேடத்திடம் போனில் சொன்னேன். அவர் தமக்குத் தெரிந்த நிருபரிடம் சொல்லிவிட்டார். ஜெபசிங் என்று ஒரு தம்பி, மாலையில் வந்து முக்கால் மணி நேரம் கேட்டார். என்னை வெள்ளைக் கோட்டுப் போட்டுக் குடுவையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி நிற்கவைத்தார். நல்ல வேளை, காலையில் மயில்கழுத்து நிறச் சேலை கட்டியிருந்தேன்.

"ஆசிட் கொட்டுத இடத்துக்கு எதுக்குட்டி இந்தச் சேலை?" என்று அக்கா கேட்டிருந்தாள். பாரு, பயன்பட்டுவிட்டது. சனிக்கிழமைதான் செய்தி வருமாம்.

மே 17

சாயங்காலம் பூதலிங்கம் சார் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. கையில் ஒரு பை நுங்கு. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க சார்."

"இல்ல, இருக்கட்டும். ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு..."

நான் ஆய்வைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். நாளை செய்தி வருகிறது, முதல்வர் மேடம் அறையை விட்டுத்தருவதாகச் சொல்லிவிட்டார், அடுத்து வேலின், அலனின் என்று வேறு அமினோ அமிலங்களை வைத்து என்று என்னென்னவோ. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நுங்கு எளசு, உடனே சாப்பிட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன சொல்ல வந்திருப்பார் என்று நான் யோசிக்கவில்லை. சமைக்கும்போதும் யோசிக்கவில்லை, சாப்பிடும்போதும் யோசிக்கவில்லை.

மே 18

"சர்க்கரை ரகசியம் உடைந்தது: பாளையங்கோட்டைப் பேராசிரியை சாதனை." படத்தில் நான் குடுவையோடு, மிரண்ட ஆடு மாதிரி. செய்தியில் உயிர் தோன்றியது பற்றி ஒரு வரி. மீதியெல்லாம் சர்க்கரை, சர்க்கரை, சர்க்கரை.

ஏழு மணிக்கு முதல் போன். "மேடம், மாத்திரையா, ஊசியா?" அடுத்தது தென்காசியிலிருந்து. அதற்கடுத்தது அத்தான், மஸ்கட்டிலிருந்து: "ஆவுடை, உங்க அக்காவுக்கு மொதல்ல குடுத்தியா?" எல்லாருக்கும் சொன்னேன், இது சர்க்கரை நோய்க்கான மருந்தில்லை என்று. ஒருவர், "பரவால்ல, நான் டெஸ்டிங்குக்கு வாரேன்" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அக்கா போனை வாங்கி, "டாக்டரம்மா தூங்குதாவ" என்று வைத்துவிட்டாள்.

மே 20

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

இருட்டறைக்குப் போனேன். பூதலிங்கம் சார் நின்றுகொண்டிருந்தார். "மேடம், ஒண்ணு சொல்லணும். உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்கேன், சொல்லுங்க."

அவர் அந்தக் குழாயை எடுத்து, என் கண் முன்னால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டுக் கருவியில் வைத்தார். "பாருங்க."

பார்த்தேன். வலப்பக்கம் திரும்பியிருந்தது. வெறும் தண்ணீர்!

"மூடியில ரப்பர் வாஷர் இருக்குல்லா, அதுக்கு அடியில கரும்புச் சர்க்கரைப் பாகு உறைஞ்சு கெடக்கு. பிராக்டிகல் எக்ஸாம்ல பிள்ளைக சரியாக் கழுவாம விட்டது. குழாயில எறும்பு ஊர்ந்துச்சு. மொதல்ல உங்க சர்க்கரைக்குத்தான் எறும்பு வந்திருக்குன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். பொறவு ஒரு சந்தேகம் வந்து தண்ணி வச்சுப் பாத்தேன்."

"என்னைக்குப் பாத்தீய?"

"வெள்ளிக்கிழம."

வெள்ளிக்கிழமை. நுங்கு. செய்தி வந்தது சனிக்கிழமை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பேப்பர்ல வந்திருக்காதே சார்! ஏன் சொல்லல?"

அவர் தரையைப் பார்த்தார். "சொல்லத்தான் வந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீய."

"சிரிச்சா? நான் சிரிச்சா உங்களுக்கு என்ன?"

கதவை அறைந்துவிட்டு வந்துவிட்டேன். தண்ணீர் வைத்துப் பார்க்கலாம் என்று அவர் முதலிலேயே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. அது நினைவுக்கு வந்தபோது கோபம் இன்னும் கூடியது.

மே 21

காலையில் ஜெபசிங்குக்குப் போன் செய்தேன். "தம்பி, நான் சொன்னது தப்பு. குழாய் அழுக்கு. அப்படியே போடுங்க."

"மேடம், மறுப்பு போட்டா உங்க பேருதான் கெட்டுப்போகும். பேசாம விட்டா நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

"மாத்திரைய நிறுத்திட்டு எவனாவது என்னை நம்பி உக்காந்திருந்தா? போடுங்க தம்பி."

முதல்வர் மேடம் பெருமூச்சு மட்டும் விட்டார். அந்தப் பெருமூச்சில் ஸ்மார்ட் கிளாஸின் மேசை நாற்காலி எல்லாம் வந்து இறங்கிவிட்டன.

வெளியே வந்தால் கேட்டில் ஒரு பெரியவர். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவராம், காதர் முகைதீன் என்று பெயர். மனைவியின் ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன்: இது மருந்தில்லை. அந்த ஆய்வும் தப்பாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கவரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "சரிம்மா. வந்தது வந்துட்டேன், கேட்டுட்டாவது போறேன். அந்தச் சர்க்கரை எப்படித்தான் வந்துச்சாம்?"

சொல்லத் தொடங்கினேன். பாறை, வெந்நீர், சேர்த்துவைக்கும் அமிலம், இடது, வலது. அவருடைய செருப்பையே கழற்றி வைத்து விளக்கினேன். பெரியவர் கண் விரியக் கேட்டார்.

"உசுரு வாரதுக்கு முன்னயே இனிப்பு வந்துட்டா?"

"வந்திருக்கலாம்னு சொல்லுதாங்க."

"அப்ப அதை யாரு தின்னா?"

"யாருமே இல்ல."

"தின்ன ஆளில்லாம இனிப்பு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "சுப்ஹானல்லா! வீட்ல போய் இதைச் சொல்லுதேன். அவ இனிப்புன்னாலே சிரிப்பா."

அவர் போன பிறகுதான் கவனித்தேன், நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். குழாய்தானே அழுக்கு? கேள்வி அழுக்கில்லையே. நேரே மாடி ஏறிக் குடுவைகளைக் கழுவத் தொடங்கினேன்.

மே 22

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எவ்வளவு பெரிய தப்பு, தெரிந்தும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதரை என்ன சொல்வது என்று கேட்டேன்.

"என்ன காரணம் சொன்னாவ?"

"நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேனாம். அது ஒரு காரணமா?"

அக்கா முருங்கைக்கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு கீரைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. "நீயெல்லாம் எப்படிட்டி பிஎச்டி வாங்குன?" என்று மட்டும் கேட்டாள்.

மே 24

இயற்பியல் துறைக்குப் போனேன். வேறு வழியில்லை, கருவி அங்கேதான் இருக்கிறது. சார் புதுக் குழாய், புது வாஷர் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். இருவரும் மன்னிப்புக் கேட்க ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடினோம்.

"மொதல்ல தண்ணி" என்றேன்.

"மொதல்ல தண்ணி" என்றார்.

தண்ணீர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நல்ல தண்ணீர்.

இந்த முறை கரைசலை ரெசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியாக வடித்து, அமினோ அமிலத்தை வெளியேற்றியிருந்தேன். அதுவும் ஒளியைத் திருப்பும். விட்டுவைத்தால் அது செய்ததைச் சர்க்கரை செய்ததாக நினைத்து மறுபடி ஏமாறுவேன். பார்த்த அளவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று பேச்சு. ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தோம். திருப்பிப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. வலப்பக்கம்தான். ஆனால் எவ்வளவு குறைவு! மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிறது. போன முறை கண்ட திருப்பம் குதிரை என்றால் இது அதன் மேல் உட்கார்ந்த ஈ.

"மறுபடி நாமளா நெனச்சுக்கிடுதோமோ சார்?"

"கண்ணாடிப் பிம்பத்தை வச்சுப் பாத்துருவோம். அது பொய் சொல்லாது."

நான் சொல்ல நினைத்ததே அதுதான். இயற்கையில் அதிகம் கிடைக்காத வலது குளூட்டாமிக் அமிலம் கடைகளில் கிடைக்கும். அதைப் போட்டால் சர்க்கரை இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் உண்மை. இல்லையென்றால் ஸ்மார்ட் கிளாஸ். சென்னைக்குச் சொல்லியாயிற்று.

மே 29

சின்னப் புட்டி நேற்று முன்தினமே வந்தது. கலந்து, காத்திருந்து, வடித்து, இன்று மதியம் அளந்தோம். தண்ணீர் முதலில். அப்புறம் அவர் பார்த்தார். எழுதிக் கவிழ்த்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, பாவி மனிதர். நான் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். எழுதினேன்.

தாள்களைத் திருப்பினோம்.

இடது. இடது.

அதே ஈயளவுதான். ஆனால் மறுபக்கம்! அமிலத்தைக் கை மாற்றினால் சர்க்கரையும் கை மாறுகிறது! மூளை இல்லை, நொதி இல்லை, உயிர் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆனாலும் அந்தப் பொடிக்கு எந்தக் கை என்று தெரிகிறது!

நான் குதித்தேன். சாரும் குதித்தார். நாற்பத்தேழு வயது, பாதி நரை, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், குதித்தார். ஸ்டூல் விழுந்தது. வாட்ச்மேன் இந்த முறை கம்பில்லாமல் வந்தார். பிறகு நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம். ஆய்வு வெற்றி பெற்றால் எல்லாரும் செய்வதுதான். கொஞ்சம் அதிக நேரம் குலுக்கிவிட்டோம், அவ்வளவுதான்.

ஜூன் 1

இன்னொரு முறை செய்தோம். அதேதான். அளவு முடிந்த பிறகும் இருட்டறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எதைப் பற்றி என்று எழுதப் பக்கம் போதாது.

ஜூன் 3

கல்லூரி திறந்துவிட்டது. இருவரும் முதல்வர் மேடத்திடம் போனோம். வலது வரைபடம், இடது வரைபடம், தண்ணீர் வரைபடம் எல்லாவற்றையும் மேசையில் விரித்தேன்.

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இவ்வளவுதானா? கண்ணுக்கே தெரியலையே."

"இவ்வளவுதான் மேடம். ஆனா உண்மை."

"ஜெபசிங் இதைப் போட மாட்டான் ஆவுடை."

"போட வேண்டாம் மேடம்."

நல்ல மனுஷிதான். வருத்தப்பட்டார். ஆனாலும் அறையை விட முடியாதாம், திரையும் புரொஜெக்டரும் வந்து இறங்கிவிட்டனவாம். அப்போது பூதலிங்கம் சார் பேசினார்.

"எங்க டார்க் ரூம் பெருசு மேடம். பாதியை இவ்வோளுக்குத் தாரோம். தண்ணிக் குழாயும் புகைபோக்கியும் நானே வச்சுக் குடுத்துருதேன்."

மேடம் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டார்க் ரூம்ல நீங்க ரெண்டு பேருமா? நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் சார். ஆனா காலேஜ்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்களே?"

"பேசட்டும் மேடம். நாங்க கல்யாணம் முடிக்கப்போறோம்."

ஒரு குழாய் அழுக்கு என்று சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டவர், இதை மூச்சு விடாமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, சொன்னது யார் என்று தேடுவதுபோல அவரே திரும்பிப் பார்த்தார். மேடத்தின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் வரைபடங்களை அடுக்கினேன். வலது மேலே, இடது கீழே. பிறகு இடது மேலே, வலது கீழே.

மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து மாடிப்படி அருகில் நிறுத்தினேன்.

"சார், இதை எங்கிட்ட எப்பக் கேட்டீய?"

காது வரை சிவந்திருந்தார். "கேக்கலியே."

"அப்ப கேளுங்க."

"இங்கயா? மணி அடிக்கப் போகுது. பிள்ளைக வந்துரும்."

"அதனாலதான் சொல்லுதேன், சீக்கிரம் கேளுங்க."

கேட்டார். மணி அடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.